கையால் எழுதியது

கணியூர்,
8.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கலா எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் எல்லோரும் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "ஃபைன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள் என்பதால் அதைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். மெஸ் குழம்பு உங்கள் வயிற்றுக்கு ஆகாது.

கையில் போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கூத்து என்று நினைப்பீர்கள். போஸ்ட் ஆபீஸில் கவர் கேட்டதற்கு அங்கே இருந்த அக்காவே, "லெட்டர் எழுதறதுக்குங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். ஆமாங்க, வீட்டுக்காரருக்குத்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

நான் ஏன் போனைத் தொடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறீர்கள். தை மாதம் நம் பாப்பா பிறந்த மறுநாளே போய்விட்டபோது நான் ஆபரேஷன் தையலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் போட்டதை அப்போது பார்த்தேன். மேகத்துக்கு நடுவில் இறக்கை முளைத்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. "எங்கள் குட்டி தேவதை இறைவனின் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாள்." அதற்குக் கீழே எல்லோரும் வரிசையாகக் கும்பிட்ட கைகளைப் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் அவசரத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அன்றைக்கே போனை அணைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு முறை இங்கே வந்தீர்கள். அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்தார். நாம் இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது "உடம்பப் பாத்துக்கோ" என்றீர்கள். எனக்கு அதில் கோபமில்லை, உங்களுக்கு வாயில் வராது. ஆனால் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக உட்கார்ந்து நாள் முழுக்க வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதுகிறவர், கட்டியவளுக்கு ஒரு பக்கம் எழுதக் கூடாதா?

நேற்று அப்பா என்னை உட்காரவைத்துப் பேசினார். "கண்ணு, ஆவணி பொறக்கறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு. போறதுன்னா நானே கொண்டுபோய் உடறேன். இல்லீன்னா நாலு பேர வெச்சுப் பிரிஞ்சுக்கறதா எழுதி வாங்கிப்போடலாம். இப்படி ரெண்டுங்கெட்டானா இருக்க வேண்டாம்" என்றார்.

எனக்கு வர ஆசைதான் மாமா. ஆனால் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். பாப்பாவை நான் சரியாகப் பார்க்கவில்லை. நர்ஸ் என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாராம், எனக்கு மேலே எரிந்த லைட்தான் ஞாபகம் இருக்கிறது. பிறகு பச்சை உடம்புக்காரி பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவளைக் கையில் வாங்கியது நீங்கள். வெள்ளகோவிலில் உங்கள் ஊர் மயானத்துக்குக் கொண்டுபோனது நீங்கள். அய்யாசாமி பெரியப்பா கார் ஓட்டினார், அவ்வளவுதான்.

என்ன போட்டிருந்தாள்? கையில் எவ்வளவு கனமாக இருந்தாள்? யார் மாதிரி இருந்தாள்? எந்த இடத்தில் வைத்தீர்கள்? இதைச் சொல்லுங்கள், நான் வந்துவிடுகிறேன். போனில் வேண்டாம். தாளில், உங்கள் கையால் எழுதுங்கள். கையால் எழுதும்போது மனிதனுக்குப் பொய் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

உங்கள்,
சித்ரகலா


திருப்பூர்,
16.6.2025

அன்புள்ள கலா,

உன் 8ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. விஷயங்களை நோட் செய்துகொண்டேன். தாமதத்துக்கு வருந்துகிறேன், ஷிப்மென்ட் இருந்தது.

நீ கேட்டவற்றுக்குப் பதில் கீழே.

சாப்பாடு: காலை பேக்கரி, மதியம் கேன்டீன், இரவு தோசைமாவு வாங்கி வைத்திருக்கிறேன். பிரச்சினை இல்லை.

வாட்ஸ்அப் படம்: ஆபீஸில் ஒருவர் டிசைன் செய்து கொடுத்தார். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாததால் போட்டேன். வேறு உள்நோக்கம் இல்லை.

பாப்பா: எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரு குறையும் வைக்கவில்லை. நீ கவலைப்பட வேண்டாம்.

ஆவணி: நீ எப்போது வருகிறாய் என்று தேதி சொன்னால் அதற்கு ஏற்றபடி லீவு போட்டுக்கொள்கிறேன்.

மாமா, அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தமிழ்செல்வன்


கணியூர்,
20.6.2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன், அந்த மட்டும் புண்ணியம். பேரைப் பார்த்தால் தமிழ்செல்வன். கடிதத்தைப் பார்த்தால் பையருக்கு அனுப்பும் மெயில். என்னை எந்த ஊர் பையர் என்று நினைத்தீர்கள், ஜெர்மனியா, டென்மார்க்கா? அட்டாச்மென்ட் எதுவும் இருக்கிறதா என்று கவரைத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

"எல்லாம் முறைப்படி நடந்தது." நான் முறையைக் கேட்கவில்லை மாமா, அவளைக் கேட்டேன்.

மனசைத் திறந்து எழுதுவது எப்படி என்று தெரியாவிட்டால் நான் முதலில் எழுதுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் போன மூன்றாம் நாள் எனக்குப் பால் சுரந்தது. நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை அழுதால் எனக்கு நைட்டி நனையும். இங்கே வந்ததும் அம்மா கடையில் மல்லிகைப் பூ வாங்கிவந்து நெஞ்சில் வைத்துக் கட்டிவிட்டாள். பால் வற்றுவதற்கு அப்படிச் செய்வார்கள். பூ அத்தனையும் உடம்புச் சூட்டில் வதங்கி ஒட்டிக்கொள்ளும், சாயங்காலம் பிய்த்துப் பிய்த்து எடுப்பாள். ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. நிற்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. இப்போதும் யார் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாலும் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

இப்படித்தான் எழுத வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம். அழுதுகொண்டே எழுதினாலும், மை கலைந்தாலும் பரவாயில்லை. அடுத்த கடிதம் இதே மாதிரி பாயிண்ட் பாயிண்டாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

தோசைமாவு புளித்துப் போனால் தூக்கிப் போடுங்கள். அதையும் தின்று தீர்க்காதீர்கள்.

உங்கள்,
கலா


திருப்பூர்,
5.7.2025

என் உயிரில் கலந்த கலாவுக்கு,

சில நேரங்களில் மௌனம்தான் வலியின் தாய்மொழியாகிறது. இத்தனை மாதங்களாக நான் பேசாமல் இருந்தது அன்பு இல்லாததால் அல்ல. என் அன்பைத் தாங்கும் சொற்கள் எனக்குக் கிடைக்காததால். இன்று என் இதயத்தின் கதவைத் திறந்து உன் முன் நிற்கிறேன்.

நம் மகளை முதன்முதலாகக் கையில் ஏந்தியபோது ஒரு மலரை ஏந்தியது போல் உணர்ந்தேன். அவ்வளவு மென்மை, அவ்வளவு லேசு. வெண்பனி போன்ற வெள்ளைக் கவுன் அணிந்திருந்தாள். அவள் முகத்தில் உன்னைக் கண்டேன் கலா. உன்னுடைய அதே கண்கள். அந்தக் கண்கள் என்னைப் பார்த்து, "அப்பா, அழாதீர்கள்" என்று சொல்வது போல் இருந்தது.

வெள்ளகோவிலுக்குச் செல்லும் வழியெங்கும் அவளுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டே சென்றேன். ஒரு வேப்ப மரத்தின் நிழலில், பறவைகள் பாடும் இடத்தில், அவளை மண்ணின் மடியில் உறங்க வைத்தேன். அவள் மேல் மல்லிகைப் பூக்களைத் தூவினேன். அந்த மணம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. தாய்ப்பாலின் வெண்மையும் மல்லிகையின் வெண்மையும் ஒன்றுதானே என்று அன்று எனக்குத் தோன்றியது.

நம் மகள் நம்மைவிட்டுப் போகவில்லை கலா. அவள் நம் இருவரின் அன்பாக இந்த வீட்டில் காத்திருக்கிறாள். நீ வந்து விளக்கேற்றும் நாளுக்காக நானும் காத்திருக்கிறேன்.

என்றென்றும் உன்,
தமிழ்செல்வன்

இந்தக் கடிதத்தை இன்னும் உருக்கமாக மாற்றித் தரட்டுமா? அல்லது சற்றுச் சுருக்கமாக வேண்டுமா?


கணியூர்,
9.7.2025

என் மாமாவுக்கு,

கடிதம் இன்று மத்தியானம் வந்தது. மூன்று தடவை படித்துவிட்டேன். முதல் தடவை நின்றுகொண்டே படித்தேன், "வெள்ளைக் கவுன்" என்ற இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பயந்துபோய் ஓடிவந்து, "ஏஞ்சாமி, என்னாச்சு?" என்றாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன். அவளும் அழுதாள்.

உங்களுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறதே, எங்கே வைத்திருந்தீர்கள்? உங்களைப் போய் மரக்கட்டை என்று நினைத்தேனே. என் கண் அவளுக்கு வந்திருந்தது என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடியில் போய் என் கண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். இத்தனை மாதம் நெஞ்சில் கட்டிக்கொண்டு கிடந்தது இன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியது.

மல்லிகையை மட்டும் ஏன் போட்டீர்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, உங்களுக்கு என்ன தெரியும், நானே போன மாதம்தானே சொன்னேன் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆடி முடியக் காத்திருக்க வேண்டாம், வருகிற ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார். லீவு போட வேண்டாம், ஞாயிறுதானே. வீட்டைக் கூட்டி வைக்காவிட்டாலும் பரவாயில்லை. வரும்போது சுற்றிக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் போய் அந்த வேப்ப மரத்தைப்

10.7.2025

நேற்று இதுவரை எழுதினேன். உங்கள் கடிதத்தைப் பையில் வைக்கலாம் என்று மடித்தபோதுதான் தாளின் பின்பக்கம் பார்த்தேன். உங்கள் கையெழுத்துக்குக் கீழே இடம் போதாமல் அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "இன்னும் உருக்கமாக மாற்றித் தரட்டுமா?"

முதலில் எனக்குப் புரியவே இல்லை. நீங்கள் என்னைக் கேட்பதாகத்தான் நினைத்தேன். அம்மாவிடம் இருந்த என் போனை வாங்கி ஆன் செய்து, கடிதம்கூட எழுதிக் கொடுக்குமாமே, அந்த ஏஐ ஆப்பில் நானே கேட்டுப் பார்த்தேன். எதைக் கேட்டாலும் கடைசியில் அது அப்படித்தான் கேட்கிறது.

அந்த மல்லிகை என்னுடையது மாமா. யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். என் கடிதத்தை அதற்குத் தின்னக் கொடுத்திருக்கிறீர்கள். அது மென்று, என் பாலையும் என் பூவையும் எனக்கே திருப்பித் துப்பியிருக்கிறது. அதை நீங்கள் நீல மையில், அழகாக, கோணலில்லாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

கம்பெனியில் நான் செக்கிங்கில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். சாம்பிள் ரூமில் ஒரே ஒரு பீஸை இழை இழையாகப் பார்த்துத் தைத்து பையருக்கு அனுப்புவீர்கள். அதைப் பார்த்துத்தான் அவன் ஆர்டர் கொடுப்பான். என்னிடமும் சாம்பிளைக் காட்டி ஆர்டர் வாங்கப் பார்த்தீர்களா? நான் கேட்டது லைனில் ஓடுகிற பீஸை. நூல் தொங்கினாலும் அதுதான் எனக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வெள்ளைக் கவுன் உண்டா, இல்லையா? அதையாவது சொல்லுங்கள்.

கலா


திருப்பூர்,
14.7.2025

கலா,

இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானே எழுதுகிறேன். அடித்தல் இருக்கும், பார்த்துக்கொள்.

வெள்ளைக் கவுன் இல்லை. வேப்ப மரம் இல்லை. மல்லிகையும் இல்லை. தாலாட்டு எனக்குத் தெரியாது, உனக்கே தெரியும். உன் லெட்டரைப் போட்டோ எடுத்து அதில் போட்டது உண்மை. அப்போது தப்பாகத் தெரியவில்லை. ஆபீஸில் பையர் மெயில் எது வந்தாலும் அப்படித்தான் செய்கிறோம், வந்ததைப் போட்டால் பதில் வரும். நீ மனசைத் திறந்து எழுது என்றாய். பத்து நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்புள்ள கலா என்பதற்கு மேலே போகவில்லை.

அது எழுதியதை நான் படிக்கவே இல்லை. இதை நீ நம்ப வேண்டும். "நம் மகளை" என்று ஆரம்பித்த இடத்துக்கு மேல் எனக்குப் படிக்க முடியவில்லை. ஸ்டைல் நம்பரைப் பார்த்து எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன். அதனால்தான் கடைசி வரியும் வந்துவிட்டது. நீ எழுதிய பிறகுதான் போனில் அதை எடுத்து முழுதும் படித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். என் பையில் ஒரு ரோம்பர் இருந்தது. கையும் காலும் ஒன்றாகத் தைத்த பாப்பா உடுப்பு, இளம் மஞ்சள். ஆபீஸில் ஒரு பையருக்குத் தைத்த சாம்பிள், அந்த ஆர்டர் கேன்சல் ஆகிவிட்டது. பாப்பா பிறந்தால் போடலாம் என்று மார்கழியிலேயே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, வந்தபிறகு காட்டலாம் என்று இருந்தேன். நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். போட்டுக் கொடுத்தார்கள். அவளுக்கு ரொம்பப் பெரிது. கை நீண்டு தொங்கியது. காரில் வைத்து நான்தான் இரண்டு பக்கமும் ரெண்டு மடிப்பு மடித்துவிட்டேன்.

கனம் எவ்வளவு என்று கேட்டாய். மலர் மாதிரி எல்லாம் இல்லை. ஒரு முழு நூல் கோன் இருக்குமே, ரெண்டு கிலோ சொச்சம், அந்தக் கனம். தினமும் எடுத்து வைக்கிற கனம்தான், அதனால் கைக்குப் பழக்கமாக இருந்தது. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இப்போது நான் குடோன் பக்கம் போவதில்லை, வேறு ஆளை அனுப்புகிறேன்.

யார் மாதிரி இருந்தாள் என்றால், யார் மாதிரியும் இல்லை. உன் மாதிரியும் இல்லை, என் மாதிரியும் இல்லை. கண் மூடியிருந்தது, கடைசிவரை கண்ணை நான் பார்க்கவில்லை. காது மேலே பூனைமுடி இருந்தது. நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி எடுத்த தடம் இருந்தது.

காங்கேயத்தில் பெரியப்பா பெட்ரோல் போட நிறுத்தினார். நான் பின்சீட்டில் மடியில் வைத்திருந்தேன். பெட்ரோல் போட்ட அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பாப்பா தூங்குதுங்களா?" என்றார். "ஆமாங்க, தூங்குது" என்றேன். "காத்து அடிக்குது, காதை மூடிக்கோங்க" என்றார். மூடினேன் கலா. துண்டை எடுத்துக் காதை மூடினேன். வெள்ளகோவில் போகிறவரைக்கும் திறக்கவில்லை.

ரோம்பரில் டேக் இருந்தது. கழுத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் நூலில் தொங்கும் அட்டை. ஸ்டைல் நம்பர், சைஸ், கீழே சிவப்பில் "சாம்பிள், நாட் ஃபார் சேல்". அதை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். கத்தரி இல்லை. இழுத்தால் துணி கிழிந்துவிடும். பல்லில் கடிக்கலாம் என்று குனிந்தேன். அவள் கழுத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். டேக்கை எடுக்கவில்லை. டேக்கோடுதான் வைத்தோம்.

இதைத்தான் என்னால் உன்னிடம் சொல்ல முடியவில்லை. பெத்த பொண்ணை நாட் ஃபார் சேல் என்று எழுதின அட்டையோடு புதைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

இடம் மயானத்தில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால், வேலி ஓரம். குழி வெட்டினவர்தான் கூட இருந்தார், பெரியப்பா வாசலுக்கு வெளியே காரில் இருந்தார். சின்னக் குழந்தைக்குக் கல் வைப்பதில்லை என்றார்கள். சித்திரையில் ஒருமுறை போனேன். ஜேசிபி வைத்து முள்ளை எல்லாம் வழித்துவிட்டிருந்தார்கள். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கு எழுத வராது. வந்துவிடு கலா. வந்தால் போதும்.

செல்வன்


கணியூர்,
2.8.2025

அன்புள்ள மாமா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதம் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது. எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

பெட்ரோல் பங்கில் அந்த அக்கா காதை மூடச் சொன்ன இடத்தில் என் உயிரே போய்விட்டது. அந்த டேக்கை நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அழுதேன். ஆனால் மாமா, வெள்ளைக் கவுனுக்கும் நான் இதே மாதிரிதான் அழுதேன். தரையில் உட்கார்ந்து, அம்மாவைக் கூப்பிட்டு, அழுதேன். அந்தக் கவுனே இல்லை.

பெரியப்பாவிடம் கேட்டேன். அப்பா போனில் கூப்பிட்டுக் கொடுத்தார். "பெட்ரோல் போட்டது நெசந்தான் கண்ணு. காங்கேயத்துல நிறுத்துனேன். துண்டு போத்தியிருந்துச்சு, நான் பின்னாடி திரும்பிக்கூடப் பாக்கல, எனக்கு மனசு வரல. மஞ்சளா வெள்ளையா என்ன கண்டேன்?" என்றார். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

பிறகு நான் ஒன்று செய்தேன். செய்திருக்கக் கூடாது. போனில் அந்த ஆப்பிடம் கேட்டேன். "பனியன் கம்பெனியில் வேலை செய்பவர். கடிதம் எழுத வராதவர். இறந்த குழந்தையைப் புதைத்ததை மனைவிக்கு எழுதுகிறார். அலங்காரம் வேண்டாம், அடித்துத் திருத்தி எழுதின மாதிரி, நிஜமாக இருக்கட்டும்" என்று டைப் செய்தேன். மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டது. அதில் அந்த ஆளுக்குப் பேச்சு திக்குகிறது. குழந்தையின் ஒரு கால் சாக்ஸ் காரில் கழன்று விழுந்துவிட்டதாம், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம், இன்றைக்கும் அந்தச் சட்டையைத் துவைக்கவில்லையாம்.

அந்த ஆள் உலகத்திலேயே இல்லை மாமா. அவருக்காகவும் அழுதேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செக்கிங்கில் இருந்தபோது கையை வைத்தாலே தப்பு பீஸ் எனக்குத் தெரிந்துவிடும். இதில் எனக்குத் தெரியவில்லை. உங்களுடையதுதான் நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மனசைத் திறந்து எழுது, பாயிண்டாக எழுதாதே என்று உங்களைக் கிண்டல் செய்தேனே, அந்த முதல் கடிதத்தோடு நிறுத்தியிருக்கலாம். அது நீங்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. மஞ்சள் ரோம்பர் நிஜமாகவே இருக்கலாம். என்ன செய்வது, தோண்டிப் பார்க்கவா முடியும்? தோண்டுவதற்கும் இடம் தெரியாது என்கிறீர்கள்.

நான் அங்கே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நீங்கள் "சாப்பிட்டியா" என்று ஒரு மெசேஜ் அனுப்பினால்கூட அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாப்பா பேச்சு எடுத்தீர்களானால் உங்கள் வாயைப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன், இது யார் சொல்லிக் கொடுத்தது என்று பார்ப்பேன். அப்படி ஒருத்தியோடு நீங்கள் குடித்தனம் நடத்த முடியாது. என்னாலும் முடியாது.

எனக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அந்த லைட் வெளிச்சம் ஒன்றுதான். அது நான் பார்த்தது. அதோடு இருந்துகொள்கிறேன்.

ஆவணி முதல் வாரத்தில் அப்பாவும் பொங்கியண்ணன் சித்தப்பாவும் வருவார்கள். அவர்கள் எழுதிக் கொண்டுவரும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். நாலு பேருக்கு முன்னால் பேச வேண்டாம், வீட்டிலேயே வைத்துக் கொடுத்துவிடலாம். உங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை வராது, அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். என் சேலைகளையும் அம்மா கொடுத்த குக்கரையும் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

மாவு வாங்கினால் அன்றைக்கன்றைக்குத் தீருகிற அளவு வாங்குங்கள். கோபமில்லை மாமா. நிஜமாகவே கோபமில்லை.

சித்ரகலா


திருப்பூர்,
23.8.2025

அன்புள்ள கலா,

உன் 2ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. விஷயங்களை நோட் செய்துகொண்டேன்.

தாள்: மாமாவும் சித்தப்பாவும் நேற்று வந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சேலைகள்: பீரோவில் இருந்தவை அனைத்தும் இரண்டு பைகளில் கொடுத்திருக்கிறேன். ஒன்று டிரை கிளீனிங்கில் இருக்கிறது, வாங்கி அனுப்புகிறேன்.

குக்கர்: கொடுத்திருக்கிறேன். கேஸ்கட் புதிதாக மாற்றியது.

ரோம்பர்: எந்த சாம்பிளும் இரண்டாகத் தைப்போம் என்பது உனக்குத் தெரியும். ஒன்று வெளியே போகும். அது எப்படி இருந்தது என்று பிறகு பார்த்துக்கொள்ள ஒன்று ஆபீஸில் இருக்கும். அந்த இன்னொன்று ரேக்கில் இருந்தது. சொல்லி வாங்கிக்கொண்டேன். இதனால் எதுவும் நிரூபணம் ஆகாது என்று தெரியும். ரேக்கில் இந்த மாதிரி நூறு இருக்கிறது. சேலைப் பையில் அடியில் வைத்திருக்கிறேன். டேக்கை எடுக்கவில்லை. கையை இரண்டு பக்கமும் ரெண்டு மடிப்பு மடித்திருக்கிறேன்.

மாமா, அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

பொருட்கள் சரியாக வந்து சேர்ந்தன என்று ஒரு வரி எழுதவும்.

இப்படிக்கு,
தமிழ்செல்வன்